இடுகாட்டில் மண் அள்ளுகிறார்கள், புகார் எழுத உதவுங்கள்

கொள்ளிடக்கரை கிராமம் ஒன்றின் இடுகாட்டில் ராத்திரியில் பொக்லைன் விட்டு சவுடு மண் அள்ளுகிறார்கள். புரட்டிப்போட்ட மண்ணில் கண்ணாடி வளையல் துண்டோடு ஒரு கை எலும்பு கிடக்கிறது. மனசு ஆறவில்லை.

புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன் இ.பி.கோ. 297) இதற்குப் பொருந்தும்: ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அத்துமீறி நுழைந்ததை மட்டும் காட்டினால் போதாது. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே செய்ததையும் காட்டவேண்டும். வெறும் மண் திருட்டு என்று எழுதினால் இந்தப் பிரிவே விட்டுப்போகும். அதனால் அங்கே புதைத்த குடும்பத்தாரின் வாக்குமூலம், புல வரைபடம், தேதியுள்ள படங்கள் சேர்க்கிறோம். எலும்பை யாரும் எடுக்காதீர்கள், சாட்சியம் கெடும்.

கிராம நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணமான அ பதிவேட்டில் 'மயானம்' என்றில்லாமல் ஆற்றுப் புறம்போக்கு என்றிருக்கிறது. இடுகாடுதான் என்று நிறுவ வேறென்ன ஆவணம் வைக்கலாம்? வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.க்கள் சொல்லுங்கள்.