17 வயசில தனி அனெக்ஸ்: சட்டம் விடுமா, விடத்தான் வேணுமா?

பதினேழரை:
தெஹிவளையில ஒரு அனெக்ஸ், வீட்டோட ஒட்டின வாடகைப் பகுதி, பாக்கப் போனன். ஒரு அறை, சின்னக் குசினி, பைப்பில தண்ணி நல்லா வருது. வீட்டுக்கார அன்ரி ஐடென்டியை வாங்கிப் பிறந்த ஆண்டைப் பாத்திட்டுத் திருப்பித் தந்தா. "தம்பி, அம்மாவக் கூட்டிக்கொண்டு வாங்கோ." அம்மா குவைத்தில. நான் மாமா வீட்டில. அடி உதை இல்லை. ஆனா நான் பின்னேரத்தில ஃபோன் ரிப்பேர் செய்து உழைக்கிற காசை அவர்தான் வாங்கி வைக்கிறார். ஏ.எல்லுக்குப் படிக்க ஹோலில ஒரு மூலை, பக்கத்தில ரீவி. கலிபோர்னியாவில 14 வயசிலயே கோர்ட்டுக்குப் போய் "இனி நான் பெரிய ஆள்" எண்டு ஓடர் எடுக்கலாமாம். இங்க இலங்கையில ஏன் இல்லை?

வெள்ளவத்தை அம்மா:
ரீவிச் சத்தத்துக்குக் கோர்ட்டோ தம்பி? ஒரு ஹெட்போன் வாங்குங்கோ. காய்ச்சல் வந்து மூண்டு நாள் படுத்தா அந்த அனெக்ஸில ஆர் கஞ்சி வைச்சுத் தருவினம்?

பராயம்:
சட்டம் படிக்கிறவன், கொஞ்சம் சொல்றேன். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பராய வயதை, அதாவது சட்டப்படி பெரிய ஆளாகும் வயதை, 21 என்று வைத்தது. 1989 திருத்தம் அதை 18 ஆக்கியது. அதற்கு முன்பே ஒருவர் சட்டத்தின் செயற்பாட்டால் பராயமடைய முடியும் என்ற வாசலையும் அந்தக் கட்டளைச் சட்டம் அடைக்கவில்லை. நம்ம உரோமன் டச்சுச் சட்டத்தில் பெற்றோர் சம்மதத்தோடு தனியே இருந்து சொந்தத் தொழில் செய்யும் பிள்ளைக்கு 'மௌன விடுதலை' என்று ஒரு பழைய கோட்பாடே உண்டு. ஆக, யோசனை நமக்கு அந்நியம் இல்லை. கல்யாணம் இன்னொரு வழியாக இருந்தது. 1995இல் பொதுத் திருமண வயது 18 ஆனதும் அது அநேகமாக மூடிவிட்டது, நல்லதுக்குத்தான்.

கலிபோர்னியாவை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். அங்கே பிள்ளை ஏற்கனவே தனியே வாழ வேண்டும், அதுக்குப் பெற்றோர் உடன்பட்டிருக்க வேண்டும், தன் வரவு செலவைத் தானே பார்க்க வேண்டும். ஓடர் கிடைத்த பிறகும் 18 வரைக்கும் வோட்டு இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
நான் தோட்டத்துல இருந்து 15 வயசுல புறக்கோட்டைக்கு வந்தவன். கடையிலயே படுக்கை, அரிசி மூட்டைக்கு மேல பாய். என்னைய யாரும் கோர்ட்டுல விடுதலை பண்ணல, பசிதான் பண்ணுச்சு. 2021ல வேலைக்குக் கொறஞ்ச வயசு 16ன்னு சட்டம் வந்தப்ப நான் சந்தோசப்பட்டேன். இப்ப 'இவன் சட்டப்படி பெரிய ஆளு'ன்னு ஒரு தாள் குடுத்தா, மொதல்ல அதைக் கையில புடிக்கிறது மொதலாளிதான் தம்பி. புள்ளைன்னு சொல்றதுல ஒரு காவல் இருக்கு.

வாசலில நிண்டவள்:
அண்ணா, உங்கட கதைக்கு மரியாதை. ஆனா காவல் காக்கிற ஆளே கள்ளன் எண்டா? எனக்கு 16 வயசில அப்பாவின்ர வீட்டில இருக்க ஏலாமப் போச்சு. ஏன் எண்டு இங்க எழுதமாட்டன். ஒரு பெண்கள் விடுதிக்குப் போனன், ஃபோமில 'தந்தையின் கையொப்பம்'. ஆரிட்ட இருந்து ஓடி வந்தனோ அவரிட்டக் கையெழுத்து வாங்கோணும்! இந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னைப் போல பிள்ளையளுக்கு அந்தத் தாள் வேணும்.

பராயம்:
அக்கா, உங்களுக்கு நடந்ததுக்கு அந்தத் தாள் மருந்து இல்லை என்றுதான் நினைக்கிறேன். 1929க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தலையிட வேண்டிய விஷயம் அது. நீங்கள் 'பிள்ளை' என்பதால்தான் தலையிடும். அப்பாவிடம் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, கேட்கிற உரிமையும் பிள்ளைக்குத்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தில், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை 25 வயது வரைக்கும் கேட்கலாம். கலிபோர்னியா ஓடர் எடுத்தவுடனே இப்படியான உரிமைதான் முதலில் போகும்.

வாசலில நிண்டவள்:
1929 எடுத்தா பிறகு எங்க படுக்கிறது எண்டு ஆரும் சொல்லமாட்டினம். எனக்குத் தாபரிப்பு வேண்டாம், சாவி உள்ள ஒரு கதவு வேணும். அந்த ஃபோமில கையெழுத்துப் போட எனக்கே உரிமை இருந்திருந்தா அண்டைக்கு ராவு நான் பஸ் ஸ்ராண்டில இருந்திருக்கமாட்டன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல தங்கச்சி.

அனெக்ஸ் வாடகைக்கு:
நான் தெஹிவளை அன்ரி இல்லை, பம்பலப்பிட்டி. 18 ஆகாத பிள்ளை ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சா, பிறகு வாடகை தராட்டி வழக்கு நிக்காது எண்டு எங்கட லோயர் சொன்னவர். அதுதான் பயம், வேற ஒண்டும் இல்லை. தம்பி, அம்மா குவைத்தில எண்டா ஒப்பந்தத்தை அவவின்ர பேரில எழுதலாமே. பொலிஸ் பதிவிலயும் ஆர் தங்கினம் எண்டு உண்மையை எழுதுங்கோ.

வெள்ளவத்தை அம்மா:
அதைத்தான் நானும் சொல்ல வந்தன்.

வாசலில நிண்டவள்:
நீங்க ஹெட்போன் எண்டு சொன்னீங்கள் அன்ரி.

பதினேழரை:
ராவு அம்மாவோட கதைச்சன். அனெக்ஸுக்கு ஓம் எண்டா. மாமாவிட்டச் சொல்லத்தான் பயப்படுறா, அவ அனுப்புற காசும் அவரின்ர கணக்குக்குத்தான் வருது. எனக்கு 18 ஆக இன்னும் ஆறு மாசம் இருக்கு. அம்மாவுக்கு 43.