பழைய ஷெவ்ரலே கே10 பிக்கப்: பின்பக்கம் 52 அங்குலப் பட்டைக்குப் பதில் 63 அங்குலம்

மண்பாதை:
வணக்கம். வண்டி 1980களின் ஷெவ்ரலே கே10, நாலு சக்கர இழுவை. பின்பக்கப் பட்டைக்கட்டு (லீஃப் ஸ்பிரிங்) கண்ணுக்குக் கண், அதாவது இரு முனை வளையங்களுக்கு இடையே, 52 அங்குலம். பிந்தைய பிக்கப் ஒன்றிலிருந்து கழற்றிய 63 அங்குலக் கட்டு ஒரு ஜோடி கையில் இருக்கிறது. இரண்டும் இரண்டரை அங்குல அகலம்தான். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் சீக்கிரமே தரையை விட்டுவிடுகிறது. இதைச் சரிசெய்யத்தான் மாற்றம். உயரம் கூட்டும் எண்ணம் இல்லை.

ஹேங்கரை (பட்டையைச் சேசிஸில் பிடிக்கும் தாங்கி) முன்னால் நகர்த்துவதா, பின்னால் நகர்த்துவதா? ஷேக்கிள் (பின்கண்ணைச் சேசிஸோடு சேர்க்கும், ஆடக்கூடிய இணைப்பு) எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும்? புதிய கட்டின் அடியில் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது, அதை வைக்கலாமா? ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் (சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கை வைக்க வேண்டி வருமா?

நடுஆணி:
மொத்தம் 11 அங்குலம் கூடுதல் என்பதை மட்டும் வைத்து சேசிஸில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். சென்டர் போல்ட்டிலிருந்து (பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் ஆணி) முன்கண், சென்டர் போல்ட்டிலிருந்து பின்கண் என்று இரண்டு கட்டிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். கண்ணுக்குக் கண் நேராக டேப் பிடித்தால் வளைவு ஏமாற்றிவிடும். மெயின் பட்டையை (கண்கள் உள்ள நீளமான பட்டை) ஒட்டியே டேப் போக வேண்டும். பெரும்பாலான கட்டுகளில் சென்டர் போல்ட் நடுவில் இருக்காது.

ஆக்சில் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால், முன்பாதிகளின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன் ஹேங்கர் முன்னே போகும், மிச்சம் பின்னே போகும். உதாரணத்துக்கு, முன்பாதி 4 அங்குலம் கூடுதல் என்றால் முன் ஹேங்கர் 4 அங்குலம் முன்னே, பின்பக்கம் சுமார் 7 அங்குலம் பின்னே. முன் ஹேங்கரைத் தொடாமல் பின்பக்கத்தை மட்டும் நகர்த்தினால் ஆக்சிலே 4 அங்குலம் பின்னால் போய்விடும்: டயர் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காது, ஷாஃப்ட் நீளமும் போதாது.

பின் ஷேக்கிள் இடத்தைக் காகிதக் கணக்கில் முடிக்காதீர்கள். முன்பக்கம் மாட்டி, ஆக்சிலைக் கோர்த்து, பின்பக்கச் சரக்குத் தொட்டியும் வழக்கமான எடையும் ஏறிய பிறகு பின்கண் எங்கே வந்து நிற்கிறது என்று குறியுங்கள். அந்த நிலையில் ஷேக்கிளின் கீழ்முனை செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கட்டும். அப்படியானால் நாலரை அங்குல ஷேக்கிளின் மேல்முனை போல்ட் பின்கண்ணைவிடச் சுமார் 1.2 முதல் 1.5 அங்குலம் முன்னால் வரும்.

காரணம் இது. பட்டை தட்டையாகும்போது அதன் நேர்நீளம் கூடும், அந்தக் கூடுதல் முழுவதும் பின்கண்ணில்தான் வெளிப்படும். 63 அங்குலக் கட்டு 6 அங்குல வளைவிலிருந்து (கண்களை இணைக்கும் கோட்டிலிருந்து நடுப்பகுதி விலகி நிற்கும் அளவு) முழுத் தட்டைக்கு வந்தால் சுமார் 1.5 அங்குலம் நீளும். 4 அங்குல வளைவிலிருந்து என்றால் சுமார் 0.7 அங்குலம். சக்கரம் தொங்கும்போது கண் முன்னே வரும். ஷேக்கிள் ஏற்கெனவே முன்னால் சாய்ந்து நின்றிருந்தால் அப்போது புரண்டு மாட்டிக்கொள்ளும். அதிகம் பின்னால் படுத்திருந்தால் அமுங்கும்போது சேசிஸில் இடிக்கும். இரண்டு கோடியையும் ஜாக்கியில் இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகுதான் கடைசி ஓட்டை.

எஃகுப்பட்டை:
மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பட்டைக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழ். பட்டைகளின் எண்ணிக்கை, தடிமன், அகலம் எல்லாம் அப்படியே இருந்து 52 மட்டும் 63 ஆனால், விறைப்பு பழையதில் சுமார் 56 சதவீதமாகக் குறையும். அதே தடிமனில், அதே தகைவுக்கு (எஃகின் உள்ளே ஏறும் அழுத்தம்), பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் அசையலாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் தரையோடு இருப்பதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் புதிய கட்டில் பட்டை அதிகமாகவோ தடிமனாகவோ இருந்தால் இந்த லாபம் போய்விடும். தடிமனும் மூன்றாம் அடுக்கில்தான் வேலை செய்கிறது. ஆகவே இரண்டு கட்டிலும் எண்ணி, வெர்னியரில் தடிமன் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடியில் உள்ள தடித்த பட்டை பாரத்துக்கானது. வண்டி பெரும்பாலும் காலியாக ஓடுமானால் எடுத்துவிடலாம். பாரம் ஏற்றுவீர்கள் என்றால் இருக்கட்டும், அது மற்ற பட்டைகள் அமுங்கி வந்த பிறகுதான் தொடும். எடுக்கும்போது சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் பலமான சி கிளாம்ப் போட்டு இறுக்கி, நட்டைக் கழற்றி, பிறகு கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். உள்ளே அடக்கிய விசை இருக்கிறது, நேர் எதிரே நிற்கக் கூடாது. கட்டின் உயரம் குறைவதால் சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் (கட்டை ஆக்சிலோடு இறுக்குவது) அந்த உயரத்துக்குப் புதிதாக வேண்டும்.

பழைய 52 அங்குலக் கட்டிலிருந்து பட்டை எடுத்து இதில் செருகுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒவ்வொரு குட்டைப் பட்டையும் மேலே உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல் வளைவோடு இருப்பதால்தான் முனைகள் ஒட்டி நிற்கின்றன. வளைவு பொருந்தாத பட்டையைச் செருகினால் இடையில் சந்து விழும், பாரம் ஒரே இடத்தில் குவியும், கடைசியில் உடைவது மெயின் பட்டை.

கார்டன்:
ஷாஃப்ட் கேள்விக்கு: ஆக்சில் இடம் மாறவில்லை, உயரமும் மாறவில்லை என்றால் நீளம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அசைவு கூடுகிறதே. முழுதாகத் தொங்கவிட்டு ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல்வெட்டுப் பகுதி) போதுமான அளவு உள்ளே இருக்கிறதா, முழுதாக அமுக்கி இன்னும் ஒரு அங்குலமாவது உள்ளே போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் பல்தண்டு) கோணத்தை எடை ஏறிய நிலையில்தான் வைக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றை கிராஸ் (யூனிவர்சல் ஜாயின்ட்) என்றால் பினியன், டிரான்ஸ்பர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளியீட்டுக்கு இணையாக, 1 அல்லது 2 டிகிரி மூக்கு தாழ்ந்து நிற்கட்டும். டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் ஜாயின்ட் என்றால் பினியன் அதை நோக்கியே பார்க்கும், அதிலும் 1 அல்லது 2 டிகிரி தாழ்வு. இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே ஏறும் என்பதால்தான் இந்தத் தாழ்வு. நீளப் பட்டையில் இந்த முறுக்கல் இன்னும் கூடும். கிளம்பும்போது பின்பக்கம் துள்ளி அடித்தால் அதுதான். பாரப் பட்டையை எடுத்துவிட்டால் மேலும் கூடும். அப்படி வந்தால் முறுக்கல் தடுக்கும் தண்டு ஒன்று போடலாம், ஆனால் சேசிஸ் பக்க முனை ஒரு ஷேக்கிளில் தொங்க வேண்டும். இரு முனையும் இறுகப் பிடித்தால் தண்டு பட்டையின் அசைவையே தடுத்துவிடும், மாற்றியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

பிரேக் ஹோஸ், கைப்பிரேக் கேபிள், ஆக்சில் மூச்சுக்குழாய் மூன்றும் முழுத் தொங்கலில் தளர்வாக இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்தில் இருந்தால் தொங்கலை அதுவே நிறுத்தும், சீக்கிரம் கிழியும். அமுக்கத்தில் ஷாக் அடிதட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் கட்டை) தொட வேண்டும்.

மண்பாதை:
மிக்க நன்றி, எல்லாருக்கும். இன்னும் இரண்டு சந்தேகம். ஹேங்கரை வெல்டிங் வைத்துவிடலாமா? பழைய யூ போல்ட் நூல் (மரை) நன்றாகவே இருக்கிறது, நீளம் ஒத்துவந்தால் அதையே போடலாமா?

நடுஆணி:
யூ போல்ட் வேண்டாம். ஒருமுறை முறுக்கேறி நீண்ட நூல் மறுபடி அதே பிடியைத் தராது. பாரத்தைத் தாங்குவது யூ போல்ட்டின் பிடிதான், சென்டர் போல்ட் இடம் காட்ட மட்டுமே. பிடி தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். புதிய கட்டின் சென்டர் போல்ட் தலை ஆக்சில் மேடையின் குழியில் ஆட்டமில்லாமல் உட்கார்கிறதா என்றும் பாருங்கள். நாலு நட்டையும் குறுக்குமறுக்காகப் படிப்படியாக ஏற்றுங்கள். முறுக்கு அளவு, போல்ட்டின் விட்டத்துக்கும் தரத்துக்கும் உரியது. முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ஹேங்கருக்கு நான் போல்ட்டையே சொல்வேன். ரிவெட் தலையை அரைத்து, நடுவில் துளையிட்டு, தட்டி வெளியே எடுங்கள். கேஸ் கட்டிங் வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் சேசிஸின் வெளிப்பக்கத்தில் இருந்தால் தீப்பொறி வரும் எந்த வேலைக்கும் முன்பு அதை இறக்கி அப்புறப்படுத்துங்கள். புதிய துளைகள் சேசிஸின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும். மேல், கீழ் விளிம்புகளில் துளையிட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். பக்கத்தில் எங்காவது வெல்டிங் நடந்தால் பட்டையை ஈரத் துணியால் மூடுங்கள், எர்த் கிளாம்பைப் பட்டையில் மாட்டாதீர்கள். ஒரு பொறி விழுந்த புள்ளியிலும் பதம் போய் பட்டை முறியலாம்.

எஃகுப்பட்டை:
கண்களுக்குள் இருப்பது ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றிய உறை) என்றால் கண் போல்ட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கி வையுங்கள். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நின்று, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்ட பிறகு முழு முறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே நிற்கும், உயரமும் தப்பாகக் காட்டும், சில மாதத்தில் கிழிந்துவிடும்.