13 வயதில் பிரஷர்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

வெள்ளவத்தை அம்மா:
காய்ச்சல் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். மகனுக்கு 13 வயது, 71 கிலோ. டொக்டர் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்க, அது 'பர்ர்' என்று பிய்த்துக்கொண்டு விட்டது. பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய்ப் பெரியவர்களுக்கான பட்டியை எடுத்து வந்தார். 134/86. காய்ச்சல் விட்ட பிறகு வேறு இரண்டு நாள் பார்த்தும் 130-க்குக் கீழே இறங்கவில்லை. 13 வயதிலிருந்து பெரியவர்களின் கணக்குத்தானாம், 120/80-க்குள் இருக்க வேண்டுமாம். அதை விடுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டான், "அம்மா, இது அப்பம்மாட வருத்தம்தானே?" காலி வீதி முடியும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
குண்டுப் பிள்ளை என்றால் உடனே பிரஷர். என் மகனுக்கும் சொன்னார்கள். தடித்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் கூடத்தான் காட்டும். சரியான பட்டியில் 112. டொக்டரைக் கண்டாலே ஏறுகிற பிள்ளைகளும் உண்டு. வளர்ந்தால் சரியாகிவிடும்.

தெஹிவளை மிஸ்:
தம்பி, அவருடைய மகனுக்குப் பெரிய பட்டியில்தான் அளந்திருக்கிறார்கள், அதுவும் மூன்று நாள். வாசித்துவிட்டு எழுதுங்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்றுதான் எங்கள் அக்காவும் இருந்தார். அவருடைய மகள் ஒரு நாள் என் வீட்டில் தங்கினாள். குறட்டை நடுவில் நின்றுபோக, இருட்டில் எட்டுவரை எண்ணினேன், பிறகுதான் மூச்சை இழுத்தாள். அவளுக்கும் பிரஷர்தான். உடம்பு கூடினால் இன்சுலின் அதிகம் சுரக்கும், சிறுநீரகம் உப்பை வெளியே விடாது. தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டால் இன்னும் ஏறும். பின்கழுத்து கறுத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல் டொக்டரிடம் காட்டுங்கள், சீனியையும் பார்க்கச் சொல்வார். 2016-இலிருந்து சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்ட நிறம் போடுகிறார்களே, சிவப்பை வாங்கவே வேண்டாம். நூடில்ஸ் தூளில் பாதியை வீசிவிடுங்கள். பாணிலும் உப்பு இருக்கிறது. ரியூஷனைக் கொஞ்சம் குறைத்துக் காலிமுகத்திடலில் ஓட விடுங்கள். அப்பம்மாவின் குளிசையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

வெள்ளவத்தை அம்மா:
யார் மிஸ் குளிசை கொடுக்கப் போகிறார்கள்! ஆனால் குறட்டை இவனுக்கும் உண்டு, டொக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை. சோடாவை நிறுத்தியாயிற்று. ரோல்ஸ்தான் கஷ்டம். ரியூஷன் முடியும் நேரம் மாமி பையோடு வாசலில் நிற்பார், "பிள்ளை களைச்சுப் போச்சு" என்று. நேற்று இவன் அதை வாங்கவில்லை. "அப்பம்மா, நீங்க குளிசை போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டான்.