மவுஸும் ஹெட்ஃபோனும் ஒரே நேரத்துல மக்கர் பண்ணுது, கார்டு போச்சா?

ராத்திரிப்பறவை:
வணக்கம் மக்களே, ஒரு தொல்லை, தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. விண்டோஸ் 11 லேப்டாப், வயர்லெஸ் மவுஸ் ஒண்ணு (சின்ன டாங்கிள் சொருகுற டைப்), ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒண்ணு. சாதாரணமா ரெண்டும் நல்லாதான் ஓடுது, ஆனா வேலை மும்முரமா போகும்போது திடீர்னு கர்சர் நொண்ட ஆரம்பிக்குது, அதே நேரத்துல பாட்டும் விட்டு விட்டு கேக்குது, அப்புறம் தானாவே சரியாயிடுது. இது போதாதுன்னு மீட்டிங்ல சேர்ந்த உடனே ஹெட்ஃபோன் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மாறிடுது. கொஞ்ச நேரம் கை வைக்காம விட்டா மவுஸ் வேற தூங்கிடுது, க்ளிக் பண்ணி எழுப்ப வேண்டியிருக்கு. புது பேட்டரி போட்டாச்சு, ஹெட்ஃபோன ரிமூவ் பண்ணி திரும்ப கனெக்ட் பண்ணியாச்சு, ஃபோன்ல போட்டா அதுல ஒரு குறையும் இல்ல. லேப்டாப்புக்குள்ள இருக்கிற ப்ளூடூத் கார்டுதான் போச்சுன்னு நெனச்சு தனியா ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கலாம்னு இருக்கேன், வாங்கலாமா?

டெக்தம்பி:
ப்ளூடூத் ட்ரைவர லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து எடுத்து அப்டேட் பண்ணிப் பாருங்க ப்ரோ. எனக்கு அதுலயே சரியாச்சு.

கம்பிக்காரன்:
ட்ரைவர் பழசா இருந்தா அப்டேட் பண்றதுல தப்பில்ல, ஆனா இங்க அது காரணமா இருக்க வாய்ப்பு கம்மி தம்பி. டாங்கிள் மவுஸுக்கும் ப்ளூடூத்துக்கும் ட்ரைவர் வேற வேற, ஒரே நேரத்துல ரெண்டும் சொதப்புதுன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஒண்ணத்தான் பாக்கணும், அது காத்துல இருக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மவுஸ் டாங்கிள், ப்ளூடூத், வைஃபைல பாதி, எல்லாம் அந்த ஒரே சந்துக்குள்ளதான் முட்டிக்கிட்டு ஓடுது. ராத்திரிப்பறவை, ப்ளூடூத் டாங்கிள் வாங்குறத நிறுத்தி வைங்க. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லுங்க: நொண்டுற நேரத்துல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்ட பல போர்ட்டாக்குற பெட்டி) ஏதாவது மாட்டியிருக்கா? வைஃபை 2.4லயா 5லயா?

ராத்திரிப்பறவை:
ஆமாண்ணே, ஹப் ஒண்ணு இருக்கு, அதுலதான் ஹார்ட் டிஸ்க், பக்கத்து ஓட்டையிலயே மவுஸ் டாங்கிள். வீடியோ ஃபைல் எல்லாம் அந்த டிஸ்க்ல இருந்துதான் ஓடும். இப்ப நீங்க கேட்ட அப்புறம் யோசிச்சா, காப்பி போடும்போதுதான் ரொம்ப நொண்டுது. வைஃபை 2.4.

கம்பிக்காரன்:
அப்ப ஆள் கெடச்சாச்சு. யூஎஸ்பி 3 போர்ட்டு 5 கிகாபிட் வேகத்துல ஓடும்போது அந்த கேபிள், கனெக்டர்ல இருந்தெல்லாம் ரேடியோ இரைச்சல் கசியும், அது சரியா 2.4 பக்கத்துலயும் விழும். இன்டெல் காரங்களே 2012ல இதப் பத்தி ஒரு ஆவணம் போட்டிருக்காங்க, வயர்லெஸ் மவுஸ் இதனால திணறும்னு அதுலயே இருக்கு. உங்க டாங்கிள் அந்த இரைச்சலுக்கு ஒட்டி உக்காந்திருக்கு, மவுஸ் அனுப்புற சின்ன சிக்னல் அதுக்கு எப்படி கேக்கும் சொல்லுங்க? டிஸ்க் சும்மா இருந்தா இரைச்சல் கொறையும், அதான் தானா சரியாகுற மாதிரி தெரியுது.

ஒரு யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் எடுத்து டாங்கிள ஹப்ல இருந்து தள்ளி மவுஸ் பக்கத்துல கொண்டு வந்து வைங்க, இல்ல லேப்டாப்போட எதிர்ப்பக்க போர்ட்ல மாட்டுங்க. மவுஸுக்கு யூஎஸ்பி 2 வேகமே தாராளம். ஹப்பையும் டிஸ்க்கையும் லேப்டாப்ப ஒட்டி வைக்காம கேபிள் நீளத்துக்கு தள்ளி வைங்க. நல்ல ஷீல்டு (இரைச்சல் கசியாம தடுக்குற உறை) இருக்கிற கேபிளா இருந்தா இன்னும் நல்லது. புது ப்ளூடூத் டாங்கிள் வாங்கி அதே ஹப்ல சொருகியிருந்தீங்கன்னா அதுவும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

வைஃபைய 5க்கு மாத்திடுங்க. லேப்டாப்ல வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டுதான், ரெண்டும் 2.4லயே இருந்தா முறை போட்டுதான் பேசணும், பெரிய டவுன்லோடு ஓடும்போது பாட்டு அறுந்துபோறதுக்கு அதுவும் ஒரு காரணம். டெஸ்க்டாப் வெச்சிருக்கவங்க யாராவது படிச்சா, வைஃபை இருக்கிற மாடல்னா கேபினெட் பின்னாடி பெரும்பாலும் ரெண்டு ஆன்டெனா திருகுற இடம் இருக்கும், பல பேர் அத திருகாமலே விட்டுட்டு ப்ளூடூத் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்பாங்க, அதையும் பாத்துக்கோங்க.

இசைப்பிரியை:
மீட்டிங் சத்தத்துக்கு நான் சொல்றேன், அது ரிப்பேரே இல்ல. ப்ளூடூத்ல பாட்டு கேக்க ஒரு வழி, பேச இன்னொரு வழி. பாட்டு வழியில ஸ்டீரியோ நல்லா வரும் ஆனா மைக் கெடையாது. மீட்டிங் ஆப் ஹெட்ஃபோன் மைக்க கேட்ட உடனே விண்டோஸ் அந்த பேசுற வழிக்கு, அதாவது ஹேண்ட்ஸ்-ஃப்ரீக்கு, தாவிடும், அங்க மோனோ, அதுவும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்தான் (சத்தத்த நொடிக்கு எத்தன ஆயிரம் தடவ அளக்குதுங்கிறது), பாட்டுல 44.1 போற எடத்துல. கேக்க அப்படித்தான் இருக்கும். நான் பண்றது இதுதான், மீட்டிங் ஆப் செட்டிங்ஸ்ல மைக்குக்கு லேப்டாப்போட மைக்க போட்டுட்டு ஸ்பீக்கருக்கு மட்டும் ஹெட்ஃபோன போடுறேன், சத்தம் அப்படியே இருக்கு. ஹெட்ஃபோன் மைக்கே தேவையில்லன்னா டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்ல அதோட ப்ராப்பர்ட்டீஸ், சர்வீசஸ்ல ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிஃபோனி டிக்க எடுத்துடலாம். எல்ஈ ஆடியோங்கிற புது ப்ளூடூத் ஒலி முறை வந்தா இந்த சிக்கல் கொறையும், விண்டோஸ் 11லயே அதுக்கு ஆதரவு இருக்கு, ஆனா லேப்டாப்லயும் ஹெட்ஃபோன்லயும் ரெண்டு பக்கமும் இருந்தாதான்.

இன்னொன்னு, ஹெட்ஃபோன் ஃபோன்லயும் சேர்ந்து கனெக்ட் ஆகியிருக்கான்னு பாருங்க. ஃபோன்ல ஒரு நோட்டிஃபிகேஷன் அடிச்சா லேப்டாப் சத்தம் அப்படியே நின்னுபோற ஹெட்ஃபோன் எல்லாம் இருக்கு, வெறுத்துப்போயிடும்.

ஒயர்தான்பெஸ்ட்:
பேசாம ஒயர் மவுஸ் வாங்கிட்டு போங்கப்பா.

கம்பிக்காரன்:
@ஒயர்தான்பெஸ்ட் வாங்கலாம், ஆனா ஹெட்ஃபோன் விட்டு விட்டு கேக்குறது அப்பவும் போகாதே.

ராத்திரிப்பறவை:
எக்ஸ்டென்ஷன் போட்டு டாங்கிள மேசை மேல கொண்டு வந்துட்டேன், டிஸ்க் காப்பி ஓடும்போதும் கர்சர் இப்ப வழுக்கிக்கிட்டு போகுது. வைஃபை 5க்கு மாத்தின அப்புறம் பாட்டு அறுறது ரொம்ப கொறஞ்சிருக்கு, முழுசா போகல, ஹப்ப லேப்டாப் அடியில இருந்து இன்னும் தள்ளணும் போல. மீட்டிங்குக்கு லேப்டாப் மைக் போட்டாச்சு, நன்றி சகோ. மவுஸ் தூங்குறது மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு என்ன பண்ணலாம்?

கம்பிக்காரன்:
சார்ஜர் மாட்டியிருக்கும்போதும் தூங்குதா, கழட்டினா மட்டுமா? கழட்டினா மட்டும்னா லேப்டாப் கரண்ட் மிச்சம் பிடிக்குது. டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப், பவர் மேனேஜ்மென்ட் டேப்ல "அலோ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்" டிக்க எடுங்க, பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கிற யூஎஸ்பி கருவிய தூங்க வைக்கிற வசதி) நிறுத்துங்க. சில புது லேப்டாப்ல இந்த டேபே இருக்காது, இல்லன்னா பதறாதீங்க. ரெண்டு நேரமும் ஒரே மாதிரி தூங்குதுன்னா அது பெரும்பாலும் மவுஸே பேட்டரிக்காக தூங்குறது, பல மவுஸ்ல அத மாத்த முடியாது, க்ளிக் பண்ணிதான் எழுப்பணும்.

ராத்திரிப்பறவை:
ரெண்டு நேரமும்தான்ணே. சரி, தூங்கட்டும்.