உதவி: ரிசீவரை அளந்தால் 1.2 சதவீதம் காட்டுகிறது, பெட்டி போய்விட்டதா?

சாட்ஸ்வொர்த் செவி
வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு 7.2 சானல் ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பழையதாக வாங்கினேன். படம் பார்க்கும்போது குறை தெரியாது. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சப்வூஃபரில் ஓர் உறுமல். காலையில் லோட்டஸ் எஃப்எம் போட்டால் அம்மா, "பெட்டிக்குள்ள வண்டு பூந்திருக்குடா" என்கிறார்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை அனுப்பி, ரிசீவரின் ப்ரீ-அவுட்டை (ஸ்பீக்கருக்கான ஆம்ப்புக்கு முன்பே சிக்னல் வெளிவரும் துளை) ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் பார்த்தேன். டிஹெச்டி+என் (சிதைவும் இரைச்சலும் சேர்ந்த அளவு) 1.2%. கையேட்டிலோ 0.08% என்று போட்டிருக்கிறது. விற்றவர் தன் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்று சாதிக்கிறார். இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவாராம். கொடுத்துவிடலாமா?

இன்னொன்று: ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஏறும் சோதனை) விட்டால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு சரிந்துவிடுகிறது.

ஈயப்பற்று, பீட்டர்மரிட்ஸ்பர்க்
தம்பி, அவசரப்பட்டுப் பெட்டியைத் தூக்காதீர்கள். இரண்டாவது கேள்வி சின்னது. ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வைத்திருப்பீர்கள், கிராஸ்ஓவர் 80-ல் இருக்கும், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போகிறது. அளக்கும்போது 'லார்ஜ்' ஆக்கி, ஒலியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ ஈக்யூவையும் அணைத்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ரிசீவரே இல்லாமல், இன்டர்ஃபேஸின் அவுட்டை அதன் இன்னிலேயே சொருகினால் என்ன காட்டுகிறது? அப்புறம், டிஹெச்டி மட்டும் தனியாக எவ்வளவு? ஸ்பைக் எந்தெந்த இடத்தில்?

சாட்ஸ்வொர்த் செவி
அண்ணா, லூப்பேக் (அவுட்டை இன்னிலேயே சொருகியது) 0.0025%. ரிசீவரோடு டிஹெச்டி மட்டும் பார்த்தால் 0.0075% (இது எனக்கே புரியவில்லை). இரண்டாம் ஹார்மோனிக் (2 கிலோஹெர்ட்ஸில்) மைனஸ் 84 டெசிபல், மூன்றாவது மைனஸ் 88. பெரிய ஸ்பைக் 50 ஹெர்ட்ஸில், மைனஸ் 39. அடுத்து 150, 250.

ஈயப்பற்று, பீட்டர்மரிட்ஸ்பர்க்
அப்படியென்றால் பெட்டி பிழைத்தது. டிஹெச்டி என்பது 1 கிலோஹெர்ட்ஸின் மடங்குகளில் ரிசீவரே உண்டாக்கும் சிதைவு. அது 0.0075, கொஞ்சமும் மோசமில்லை. '+என்' சேரும்போதுதான் இரைச்சல், உறுமல் எல்லாம் கூட்டப்படுகிறது. மைனஸ் 39 டெசிபல் என்றால் அது ஒன்றே 1.1 சதவீதத்துக்கு மேல். உங்கள் 1.2-ஐ ஏறக்குறைய முழுதாக அந்த 50 ஹெர்ட்ஸே சாப்பிட்டுவிட்டது.

ரிசீவருக்குள் பவர் சப்ளை கப்பாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் பொதுவாக 100, 200-ல் துருத்தும், ரெக்டிஃபையர் 50 ஹெர்ட்ஸ் மின்சார அலையை இரட்டிப்பாக்குவதால். 50, 150, 250 என்று வந்தால் எனக்கு முதல் சந்தேகம் கிரவுண்ட் லூப் (இரண்டு இடத்தில் எர்த் ஆகி கேபிள்கள் வழியே உண்டாகும் வளையம்) மேல்தான். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் அளந்து பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் செவி
அடேயப்பா! 0.03 ஆகிவிட்டது. 50 ஹெர்ட்ஸ் மைனஸ் 72. ஆனால் லேப்டாப்பே இல்லாதபோதும் சப்வூஃபர் உறுமுகிறதே? பக்கத்து வீட்டு அங்கிள் சப்வூஃபர் பிளக்கில் எர்த் முள்ளைக் கழற்றிவிடு, நின்றுவிடும் என்கிறார்.

வெருலம் வயர்மேன்
அந்த முள்ளில் கை வைக்காதீர்கள்! நம் பிளக்கின் அந்தப் பெரிய முள் உயிர்க்காப்பு. உறுமல் நிற்கும்தான். ஆனால் என்றைக்காவது சப்வூஃபருக்குள் ஒரு கம்பி அறுந்து உலோகத்தைத் தொட்டால், 230 வோல்ட் ஆர்சிஏ கேபிளின் மேலுறை வழியாக ரிசீவர் உடம்புக்கு வந்து நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். வீட்டில் வால்யூம் குமிழைத் திருகுவது அம்மாதானே?

கூரையில் டிஷ் இருக்கிறதா? டிகோடருக்கு (டிஷ் பெட்டி) பின்னால் டிஷ்ஷிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைத் திருகிக் கழற்றிவிட்டு அளந்து சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் செவி
கழற்றினேன். கையை எடுத்த அடுத்த கணம் உறுமல் போயே போய்விட்டது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அளவு: பாட்டரியில் 0.009%, 50 ஹெர்ட்ஸ் மைனஸ் 97.

ஆனால் டிஷ் இல்லாமல் வீட்டில் என்னை வைக்க மாட்டார்கள். டிவி ஆன்டெனா கேபிளில் எர்த் தொடர்பைத் துண்டிக்க ஐசொலேட்டர் விற்கிறார்களே, அதை நடுவில் போடலாமா?

வெருலம் வயர்மேன்
போடலாம், படம் வராது. டிஷ்ஷின் எல்என்பிக்கு (சிக்னலைப் பிடிக்கும் தலைப்பகுதி) 13 அல்லது 18 வோல்ட் டிசி அதே கேபிளில்தான் டிகோடரிலிருந்து ஏறுகிறது. சாதாரண ஐசொலேட்டர் டிசியை அடைத்துவிடும்.

நடப்பது இதுதான்: டிஷ் கேபிளின் மேலுறை ஓர் இடத்தில் எர்த், சப்வூஃபர் இன்னோர் இடத்தில் எர்த். ரிசீவருக்கு இரண்டு முள் பிளக்தான் இருக்கும், ஆகவே அது நடுவில் பாலமாக நிற்கிறது. டிகோடரின் எச்டிஎம்ஐயை ரிசீவரில் போடாமல் நேராக டிவியில் போடுங்கள். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிக்கல் கேபிள் மட்டும். அதில் போவது வெளிச்சம், செம்பு இல்லை, வளையம் அறுந்துவிடும். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும். ரிசீவர் மெனு டிவியில் தெரியாது, அவ்வளவுதான். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவில் பழைய எச்டிஎம்ஐ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் பிடுங்குங்கள். அது இருக்கும்வரை இதெல்லாம் வீண்.

ஈயப்பற்று, பீட்டர்மரிட்ஸ்பர்க்
0.009 என்றால் சுமார் 81 டெசிபல் சினாட் (இரைச்சலும் சிதைவும் சேர்ந்ததைவிட சிக்னல் எவ்வளவு மேலே என்ற அளவு). வீட்டு ரிசீவருக்கு நல்ல அளவு. ஆனால் இது ப்ரீ-அவுட் அளவு. கையேட்டின் 0.08 ஸ்பீக்கர் முனையில், முழு வாட்டில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்து ஸ்பீக்கர் முனையை அளக்க ஆசை வரும், எனக்குத் தெரியும். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட்டுக்கு மேல். நேராகச் சொருகினால் இன்டர்ஃபேஸ் அன்றே சாம்பல். 10 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்துப் பதினொன்றில் ஒரு பங்காக இறக்கினால் சுமார் 2.6 வோல்ட். முதலில் ரிசீவரின் கறுப்பு முனை உண்மையிலேயே கிரவுண்டா என்று பாருங்கள். சில கிளாஸ் டி பெட்டிகளில் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும், அங்கே கிரவுண்டைக் கொடுத்தால் ஆம்ப் போய்விடும்.

சாட்ஸ்வொர்த் செவி
ஆப்டிக்கல் போட்டாயிற்று. டிஷ் ஓடுகிறது, உறுமல் இல்லை. விற்றவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வீட்டில் டிஷ்ஷே கிடையாதாம்.

ஈயப்பற்று அண்ணா, அளக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்க 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டர் இரண்டு ஆர்டர் செய்துவிட்டேன். சூடு இறங்க அதைத் திருகி வைக்க எவ்வளவு பெரிய அலுமினியத் தகடு வேண்டும்?