பஸ்ஸுக்குப் பேர் முக்கியமா, 'வழி' முக்கியமா?

பெங்களூர்வாசி:
மாசம் ரெண்டு தடவை பெங்களூர்ல இருந்து சேலம், கோவைன்னு வந்துட்டுப் போறவன் நான். கர்நாடகா அரசு பஸ்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பேர் வச்சிருக்காங்க. ஐராவத்னா ஏசி வால்வோ, ராஜஹம்சான்னா ஏசி இல்லாத புஷ்பேக், 2023ல ஏசி இல்லாத ஸ்லீப்பருக்கு பல்லக்கின்னு விட்டாங்க, அடுத்த வருஷமே அஸ்வமேதா. ஆந்திரால கருடா, கேரளால மின்னல். பேரைச் சொன்னாலே எந்த சீட்டு, எவ்வளவு டிக்கெட்டுன்னு சின்னப் பையன் கூட சொல்லிடுவான். நம்ம ஊர்ல அல்ட்ரா டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ், இதுல எது ஒசத்தின்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியாது. தமிழ்ல இவ்வளவு அழகான சொல் இருக்கு, நாலு பேர் வச்சா என்ன?

கோவில்பட்டிகாரன்:
ப்ரோ, பேர் வச்சு என்ன ஆகப்போகுது? பஸ் ஊருக்குள்ள வருமா வராதாங்கறதுதான் எங்க பிரச்சினை. மதுரை - திருநெல்வேலி நாலுவழிச் சாலை வந்தப்புறம் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாமே பைபாஸுக்கு ஒதுங்கிப் போச்சு. போன வருஷம் எங்கம்மா மதுரை மாட்டுத்தாவணி ஸ்டாண்டுல நைட்டு ஒரு எக்ஸ்பிரஸ் பஸ்ல ஏறினாங்க, போர்டுல கோவில்பட்டின்னு இருந்துச்சு, டிக்கெட்டும் கோவில்பட்டிக்குத்தான் குடுத்தாங்க, பாதி தூரம் வந்தப்புறம் ஸ்டாண்டுக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்கோங்கன்னுட்டாங்க, மணி ஒண்ணரை, கையில ரெண்டு பை, எனக்கு போன் பண்ணி அழுதாங்க. அந்த பஸ்ஸுக்கு ஐராவத்னு பேர் வச்சிருந்தா மட்டும் எங்கம்மா ஸ்டாண்டுல இறங்கியிருப்பாங்களா?

பஸ்பிரியன்:
பேரே இல்லாத ஊரில்லைங்க நம்ம ஊர். முன்னாடி ஒவ்வொரு பக்கத்து அரசு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு பேர் இருந்துச்சு. சேரன்னா கோவை, பாண்டியன்னா மதுரை, சோழன்னா கும்பகோணம், கட்டபொம்மன்னா நெல்லை, தூரத்துக்குப் போறது திருவள்ளுவர். 1997ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு கழகம்னு அறிவிச்சதும் தென் மாவட்டத்துல ஜாதிக் கலவரம் வந்து, கடைசில மாவட்டத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் வச்சிருந்த தலைவர் பேர் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. அந்த முடிவு சரிதான், உயிர் போச்சே. ஆனா அதுக்கப்புறம் பேர்னாலே பயம் வந்திருச்சு. எங்க தாத்தா இன்னைக்கும் "சேரன் வருதா பாரு"ன்னுதான் கேப்பாரு, அவருக்கு அது கம்பெனி பேர் இல்லை, நம்ம பக்கத்து பஸ்னு அர்த்தம்.

பெங்களூர்வாசி:
அதைத்தான் நானும் சொல்றேன். பேருக்கு மதிப்பு இல்லைன்னா ரெண்டு மாநில அரசு பஸ் கழகத்துக்கும் பொதுவா இருந்த கேஎஸ்ஆர்டிசிங்கற சுருக்கப் பேருக்கு கேரளாவும் கர்நாடகாவும் எதுக்கு வருஷக்கணக்கா மல்லுக்கட்டணும்? 2023 டிசம்பர்ல நம்ம சென்னை ஹைகோர்ட்ல கேரளா மனுவை தள்ளுபடி பண்ற வரைக்கும் போச்சே. கோவில்பட்டி ப்ரோ, உங்கம்மாவுக்கு நடந்தது ரொம்ப தப்பு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அது கண்டக்டர் தப்பு, பேரோட தப்பு இல்லையே.

கண்டக்டர்_மகள்:
கண்டக்டர் தப்புன்னு அவ்வளவு சீக்கிரம் முடிச்சிடாதீங்க அண்ணா. எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் மொஃபசல்ல, அதாவது வெளியூர் பஸ்ல கண்டக்டர். அந்தக் காலத்துல தகர போர்டு, ஊர் பேர் பெருசா, அதுக்குக் கீழ சின்னதா 'வழி'ன்னு போட்டு ரெண்டு மூணு ஊர். கோவை - மதுரைக்கு 'வழி தாராபுரம்' வேற, 'வழி பழனி' வேற. சென்னை - பாண்டிக்கு ஈசிஆர் வேற, திண்டிவனம் வேற. அந்த ஒரு சொல்லை வச்சுத்தான் ஜனம் ஏறும். இப்ப எல்இடி போர்டு வந்திருக்கு, வெளிச்சமா இருக்கு, நல்லதுதான், ஆனா எழுத்து ஓடிட்டே இருக்கு. தமிழ்ல ஓடி, இங்கிலீஷ்ல ஓடி, 'வழி' வர்றதுக்குள்ள பஸ் நம்மளைத் தாண்டிப் போயிடுது. ராத்திரி ரோட்டோரம் கைய நீட்டிட்டு நிக்கிற ஆளு எதைப் படிப்பாரு?

அப்பா அடிக்கடி சொல்றது ஒண்ணு இருக்கு, டிரிப் ஷீட்ல கலெக்ஷனும் டைமும்தான் கேப்பாங்க, எத்தனை பேரை சரியான இடத்துல இறக்கினேன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு. டைம் லேட்டாச்சுன்னா டிரைவர் பைபாஸைப் பிடிச்சிடுவாரு. அதனால ஊருக்குள்ள போறது, போகாததுங்கறதை பஸ்ஸு மேலயே எழுதிட்டா பயணிக்கும் நல்லது, கண்டக்டருக்கும் நடு ராத்திரில வாய்ச்சண்டை மிச்சம்.

பஸ்பிரியன்:
அதுக்குத்தானே ஒன் டூ ஒன், ஒன் டூ த்ரீ, பாயின்ட் டு பாயின்ட், பைபாஸ் ரைடர்னு போட்டாங்க?

கோவில்பட்டிகாரன்:
ஒன் டூ ஒன் ஓகே, ஏறுற ஊரு இறங்குற ஊரு, நடுவுல எங்கயும் நிக்காது, குழப்பமே இல்லை. பைபாஸ் ரைடர் ஸ்டிக்கர் ஒட்டுன பஸ் ஊருக்குள்ள வந்து போறதையும் நான் பார்த்திருக்கேன், ஒண்ணுமே ஒட்டாத பஸ் பைபாஸ்ல பறக்கறதையும் பார்த்திருக்கேன். எழுதினது ஒண்ணு நடக்கிறது ஒண்ணுன்னா அப்புறம் எந்தப் பேரை நம்பறது?

பெங்களூர்வாசி:
சரி, பிங்க் பஸ்ஸுக்கு என்ன சொல்றீங்க? 2021ல பெண்களுக்கு சாதா டவுன் பஸ்ல இலவசம்னு வந்துச்சு, அப்புறம் எது ஃப்ரீ பஸ்னு தெரியணும்னு சென்னைல முன்னாடியும் பின்னாடியும் பிங்க் அடிச்சாங்க. படிக்கத் தெரியாத பாட்டி கூட தூரத்துலயே பார்த்து கைய நீட்டுது. அதுவும் பிராண்டிங்தானே?

கண்டக்டர்_மகள்:
ஆமா அண்ணா, அதை முழுசா ஒத்துக்கறேன். ஆனா அது ஏன் வேலை செஞ்சுதுன்னு பாருங்க. அந்தக் கலர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லுது, பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லைங்கறது. சொகுசு, வேகம்னு எதையும் அதுல சேர்க்கலை. மொஃபசலுக்கும் அப்படி ஒண்ணு வேணும். ஊருக்குள்ள போற பஸ்ஸுக்கு ஒரு கலர் பட்டை, பைபாஸ்லயே போறதுக்கு வேற பட்டை. பேர் வைக்கணும்னா அதுக்கு மேல வச்சுக்கலாம், எனக்கு வேண்டாம்னு இல்லை.

பெங்களூர்வாசி:
பட்டை ஐடியா நல்லா இருக்கு தங்கச்சி. ஆனா பேரை ரெண்டாவதா தள்ளறதை நான் ஒத்துக்க மாட்டேன், ஆன்லைன்ல புக் பண்றவன் பஸ்ஸையே பார்க்கறதில்லை, அவன் கண்ணுக்குத் தெரியறது பேர் மட்டும்தான்.

கோவில்பட்டிகாரன்:
ஆன்லைன்ல புக் பண்றவருக்கு போன் இருக்கு ப்ரோ, நம்பர் வருது, மெசேஜ் வருது. ரோட்டுல நிக்கிறவங்களுக்கு அந்த போர்டை விட்டா வேற நாதி இல்லை.

புதுவரவு:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு காலைல அப்பாவைக் கூட்டிக்கிட்டு கோவைல இருந்து ஒட்டன்சத்திரம் போகணும், அவருக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. எந்த பஸ்ல ஏறணும்?

கண்டக்டர்_மகள்:
சிங்காநல்லூர் ஸ்டாண்டுக்குப் போங்க. மதுரை போர்டு, 'வழி தாராபுரம்' பாருங்க. ஒன் டூ ஒன்ல ஏறிடாதீங்க, நடுவுல நிக்காது. ஏறறதுக்கு முன்னாடியே கண்டக்டர்கிட்ட "ஒட்டன்சத்திரம் ஸ்டாண்டுக்குள்ள போகுமா"ன்னு கேளுங்க, "ஒட்டன்சத்திரம் போகுமா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. போகும்னு அவர் வாயால சொன்னப்புறம் அப்பாவை ஏத்துங்க.