லண்டன் கோடையில கதவு திறந்த இடங்கள்: பார்த்த ஆக்கள் எழுதுங்கோ

உப்புவெளி ரீச்சர்

மகள் ஹரோவில இருக்கிறா. பேரப்பிள்ளையைப் பார்க்கவெண்டு ஆனியில போய் புரட்டாதியிலதான் திரும்பினன். பாலம், மணிக்கூட்டுக் கோபுரம், அரண்மனை வாசல் எல்லாம் ஏற்கெனவே நூறு பேர் போட்ட படம், அதை விடுங்கோ. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடந்து கோடையில மட்டும் திறக்கிற இடம், ஆரும் போய்க் குந்தலாமெண்ட பேச்சு, இப்பிடி ஏதும் கண்ட ஆக்கள் சொல்லுங்கோ. நான் பிள்ளையார் சுழி போடுறன்.

அங்க வீட்டுக்காரர் தங்கட சொந்தத் தோட்டத்தை ஒரு நாள் சனத்துக்குத் திறந்து விடுகினம். நாஷனல் கார்டன் ஸ்கீம் எண்டு 1927 இல தொடங்கின ஏற்பாடு. கேற்றில மஞ்சள் அறிவித்தல் தொங்கும், காசைக் குடுத்திட்டு உள்ள போகலாம். சேருற காசு தாதிமாருக்கும் நோயாளர் பராமரிப்புக்கும் போகுது. எங்கட பக்கத்தில வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தாலே சண்டை. அங்க காசு குடுத்து அடுத்தவன்ர வளவில மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறம், வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊத்தித் தாறார்!

நாங்கள் போன வீட்டில எண்பது வயசு மதிக்கத்தக்க ஒரு மனுசன். கண்ணாடிக் கூட்டுக்குள்ள தக்காளி, வெளியில அவரைப் பந்தல். பேத்தி கேக் மேசையை விட்டு அசையேல்ல. எந்த நாடு எண்டார், சிலோன் எண்டன். அங்க எந்தப் பக்கம் எண்டார். மகள் முந்திக்கொண்டு "ட்ரிங்கோ" எண்டு எங்கட திருகோணமலையைச் சொல்லிட்டாள். மனுசன் தேத்தண்ணிப் போச்சியை அப்பிடியே வைச்சிட்டு உள்ள போனார். வரக்குள்ள கையில ஒரு பிஸ்கற் ரின். அதுக்குள்ள அவற்ர தகப்பன்ர படங்கள். 1944 இல நேவியில எங்கட துறைமுகத்தில நிண்டவராம். அரைக்காற்சட்டையோட நாலு பெடியள் தோளில கை போட்டு நிக்கிறாங்கள், பின்னால தென்னை. படத்தின்ர பின்பக்கம் பென்சிலால நாலு பேற்ர பேரும் கிடக்கு. அதில ஒரு பேருக்குக் கீழ கோடு. அந்தப் பெடியன் வீடு திரும்பேல்லையாம், ட்ரிங்கோவிலதான் அடக்கம் எண்டார்.

எங்கட நிலாவெளி றோட்டு யுத்த மயானந்தான்! எத்தினை வருசம் பஸ்ஸில அதைக் கடந்து பள்ளிக்கூடம் போனனான். உள்ள இறங்கி ஒரு பேர் வாசிச்சதில்லை. ஊருக்கு வந்து தேடிப் போனன். அங்க வேலை செய்யிற தம்பி பதிவுப் புத்தகத்தைப் பிரிச்சு வரிசையைக் காட்டினார். காலமை வெயிலில கல்லில எழுத்து நல்லாத் தெரிஞ்சுது, படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பினன்.

ஈலிங் சாம்பல்தீவான்

ரீச்சர், நான் வந்து இருபது வருசத்துக்கு மேல. முதல் பத்து வருசம் வேலை, வீடு, தமிழ்க் கடை, அவ்வளவுதான். பிள்ளையள் வளர்ந்த பிறகுதான் ஊர் சுற்றத் தொடங்கினன்.

ஓப்பின் ஹவுஸ் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். 1992 இல இருந்து நடக்குது, இப்ப செப்ரெம்பரில. காசில்லை. அரசாங்கக் கட்டடம், கொம்பனி, ஆரோ ஒருத்தற்ர வீடு, எல்லாம் திறக்கும். வெளிவிவகார அலுவலகத்துக்குள்ள தர்பார் கோர்ட் எண்டு ஒரு முற்றம் இருக்கு, அது திறந்த ஒரு வருசம் போனம். இந்தியாவை ஆள எண்டு கட்டின கந்தோர். மேல கண்ணாடிக் கூரை, கீழ பளிங்கு, சுற்றிவரச் சிலையள். பெரிய வரிசை, பையைத் திறந்து சோதிச்சுத்தான் விட்டாங்கள். வாசலில நிண்ட காவல்காரர் தமிழ், பருத்தித்துறை ஆள். கட்டடத்தின்ர விளக்கம் எல்லாம் அவரிட்டத்தான் கேட்டன். மேசையில தந்த துண்டறிக்கையை விட அவருக்குக் கூடத் தெரியும்.

பேச்சு எண்டால் கிரெஷாம் கல்லூரி. 1597 இல இருந்து இலவசமாப் பேச்சு நடத்துகினம். போர்த்துக்கேயப் பறங்கி 1622 இல எங்கட கோணேசர் கோயிலை இடிக்கக்குள்ள இவையள் இருபத்தைஞ்சு வருசமா மேடை போட்டுக்கொண்டிருந்திருக்கினம்! ஹோபர்னில பார்னார்ட்ஸ் இன் எண்டு சின்ன மண்டபம் ஒண்டு இருக்கு. கணக்கு, வானியல், சட்டம், சங்கீதம் எண்டு தலைப்பு மாறும். கோடை லீவுக்கு முதல் ஜூனில போய்ப் பாருங்கோ. முன்வரிசையில குறிப்பெடுக்கிற வயசாளிகள் கேள்வி நேரத்தில பேராசிரியரைப் போட்டு உலுப்புவினம், எனக்கு அதுதான் ரசனை.

திருக்கடலூரான்

தேம்சில அன்னம் எண்ணுறாங்கள் எண்டு ரிவியில பார்த்தன். உண்மையோ?

ஈலிங் சாம்பல்தீவான்

உண்மைதான் தம்பி. சுவான் அப்பிங் எண்டு பேர். ஜூலை மூன்றாம் கிழமை, சன்பரியில இருந்து அபிங்டன் வரைக்கும் துடுப்புப் போட்டில போவினம். அரசற்ர ஆக்கள் சிவப்பு உடுப்பு. வின்ட்னர்ஸ், டையர்ஸ் எண்டு ரெண்டு பழைய வணிகக் கூட்டத்துக்கும் அன்னத்தில பங்கு இருக்கு, அவையளும் கூட வருவினம். குஞ்சுகளோட அன்னத்தைக் கண்டால் "ஓல் அப்" எண்டு கத்தினபடி போட்டுகளால சுற்றி வளைச்சுப் பிடிப்பினம். பேந்து கரைக்குக் கொண்டுவந்து குஞ்சை நிறுத்து, அளந்து, காலில வளையம் போட்டு, தூண்டில் முள்ளு குத்தியிருக்கோ எண்டு பார்த்து விட்டிடுவினம். நான் சன்பரியில கரையில நிண்டு பார்த்தன். தாய் அன்னம் சீறின சீறலுக்கு எனக்கே கால் பின்வாங்கிச்சுது.

திருக்கடலூரான்

கரைவலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில அன்னம் வளைக்க இவ்வளவு பேர்! சம்பளம் எவ்வளவாம்?

தம்பலகாமம் மருமகள்

லண்டனில இல்லை, ஆனால் நாங்கள் போன கோடையில மறக்க ஏலாத இடம் ஹார்ட்டில்பூல். எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி எண்டு எங்கட ஊர்ப் பேரோட ஒரு பாய்க்கப்பல் அங்க தண்ணியில நிக்குது. 1817 இல பம்பாயில வாடியா கப்பல்கட்டும் குடும்பம் தேக்கால கட்டினது. 1782 இல எங்கட துறைமுகத்துக்குக் கிட்ட நடந்த கடற்சண்டையை வைச்சுப் பேர். இடையில கனகாலம் வேற பேரில பயிற்சிக் கப்பலா நிண்டு, 1992 இலதான் பழைய பேர் திரும்பி வந்தது. கீழ்த்தட்டில நிமிந்து நிக்க ஏலாது, எங்கட மனுசன் ரெண்டு தரம் தலையை இடிச்சிட்டார். வாசலில நிண்ட தொண்டரிட்ட நாங்கள் அந்த ஊர்தான் எண்டு சொன்னன். அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சு, பேரைச் சரியா எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டா. "திருகோணமலை" எண்டு நாலைஞ்சு தரம் சொல்லிக் குடுத்தன். ழ, ள எண்ட தொல்லை இல்லை, கெதியாப் பிடிச்சிட்டா.

கிண்ணியா நானா

எல்லாரும் அங்க போய் எங்கட ஊரைத் தேடுறீங்க. நான் வேன் ஓட்டுறன், இங்க வாற வெள்ளைக்காரர் தங்கட ஊரைத் தேடுறாங்க. மே தொடங்கி கடல் அமர்ந்திருக்கிற மாதங்களில வருவாங்க. ஒருக்கா ரெண்டு பொம்பிளையள், ஒருத்தி லைப்ரரியில வேலை. எஸ்பிளனேட் பழைய சேமக்காலைக்கு விடு எண்டாங்க. அங்க சார்ள்ஸ் ஒஸ்ரின் எண்டு ஒரு ரியர் அட்மிரல் அடக்கம், 1852 இல பர்மாவில கொலராவில மவுத்தானவர். நாவல் எழுதின ஜேன் ஒஸ்ரின்ட தம்பியாம். அந்தப் பிள்ளை கல்லுக்கு முன்னால குந்தி அழுதிட்டா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல, தண்ணிப் போத்தலைக் குடுத்தன். வேனில வரக்குள்ள குடும்பக் கதை முழுக்கச் சொன்னாங்க. இப்ப அந்த வழியால போனா எல்லாருக்கும் நான்தான் விளக்கம் சொல்லுறன். கட்டணம் இல்லை, டிப்ஸ் தந்தா வாங்குவன்.

உப்புவெளி ரீச்சர்

நானா, உங்கட நம்பரைத் தனியா அனுப்புங்கோ. அந்தத் தோட்டத்து மனுசன் வாற ஆடியில மகனோட வாறாராம். மயானம் எண்டால் நான் கூட்டிக்கொண்டு போவன். திமிங்கிலமும் பார்க்க வேணும் எண்டுறார். திருக்கடலூர்த் தம்பி, அந்த வயசில முழங்காலளவு தண்ணிக்குள்ள இறங்கிப் போட் ஏற ஏலாது. வேற வழி இருக்கோ?

திருக்கடலூரான்

இருக்கு ரீச்சர், ஏத்தி விடுறது என்ர பொறுப்பு. காலமை அஞ்சரைக்கு ஆள் கரையில நிக்க வேணும், வெயில் ஏறினால் அவருக்கு ஒத்துவராது. தொப்பியும் தேசிக்காயும் கொண்டுவரச் சொல்லுங்கோ.